உத்திரம் தெரிகிற வீட்டுக்கு வண்ணம்: மேலிருந்து கீழே

செங்கோட்டை, தென்காசி, தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய மச்சு வீட்டையோ ஓட்டு வீட்டையோ வாங்கி, அல்லது வாடகைக்குப் பிடித்துக் குடிவருகிறவர்கள் பலர் முதல் வாரத்திலேயே பெயின்ட் கடைக்குப் போய் ஷேட் கார்டோடு திரும்புகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கான்கிரீட் வீட்டில் மேல்தளம் வெள்ளை. சுவருக்கு எதைப் பூசினாலும் பெரிதாக மோசம் போகாது. உத்திரம் தெரிகிற வீட்டிலோ, அறையின் அழுத்தமான நிறம் ஏற்கெனவே தலைக்கு மேலே இருக்கிறது. அதற்கு ஒத்துப்போகிற நிறத்தைத்தான் கீழே தேட வேண்டும். ஆகவே மரம் முதலில், மரத்துக்கு இடையில் உள்ள பலகையோ ஓடோ அடுத்து, சுவர் அதற்கும் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் ஒரே சுவருக்கு இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டிவரும்.

ஒரு அறைக்குக் குறைந்தது பத்து நாள், முழு வீட்டுக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். பால் காய்ச்சும் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையைப் பின்னால் தொடங்காதீர்கள்.

1. என்ன மரம், மேலே என்ன பூச்சு?

பகல் பதினொரு மணி வெளிச்சத்தில் ஏணி போட்டு ஏறுங்கள். கீழே நின்று பார்த்தால் எல்லா மரமும் கறுப்பாகத்தான் தெரியும். உத்திரம், கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்ந்த மரம்), பட்டியல் (கைமரத்தின் மேல் குறுக்கே அடிக்கும் சட்டம்), மச்சுப்பலகை (உத்திரத்தின் மேல் பரப்பிய பலகை) எல்லாம் ஒரே மரமாக இருக்க வேண்டியதில்லை. உத்திரம் தேக்கு, கைமரம் அயினி, அடுக்களைப் பக்கம் மட்டும் பனங்கை (பனைமரத்தில் அறுத்த கைமரம்) என்பது சர்வசாதாரணம். தேக்கும் அயினியும் மஞ்சள் கலந்த பழுப்பு. பழைய பலாவும் இருள் மரமும் செம்பழுப்பு. பனை கறுப்பில் வெளிறிய கோடுகளோடு இருக்கும். சுவருக்குள் போகிற முனைக்கு அருகே, கண்ணில் படாத இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். உள்ளே தெரிவதுதான் மரத்தின் நிறம். மேலே இருப்பது புகையும் பழைய பூச்சும்.

அந்தப் பூச்சு என்னவென்று தெரியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். நான்கு சோதனை போதும்:

- ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் உறிஞ்சினால் வெறும் மரம். முத்தாக நின்றால் மேலே ஏதோ இருக்கிறது.
- பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ்.
- என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் கரைந்தால் லாக்கர். ஸ்பிரிட்டிலும் தின்னரிலும் அசையாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் மெலமைன் அல்லது பியூ (பாலியூரித்தேன்).
- டர்பென்டைன் தொட்ட துணியில் கரும்பழுப்பு ஒட்டிவந்தால் எண்ணெய்ப் பூச்சு.

கடைசி வகைதான் இந்தப் பக்கத்துத் தலைவலி. கரையானுக்காக முந்திரித் தோட்டு எண்ணெயைப் பூசுவது, அதாவது அண்டி எண்ணெய் அடிப்பது, குமரியிலும் கேரளத்திலும் பழைய வழக்கம். வேலை செய்யும் பொருள்தான். ஆனால் அதன் மேல் எந்தப் பெயின்டை அடித்தாலும் சில மாதத்தில் பழுப்பு மேலே கசிந்துவரும். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், கையுறை இல்லாமல் சுரண்டாதீர்கள். வண்டியின் கழிவு ஆயிலை அடித்த வீடுகளும் உண்டு. அதுவும் இதே கதை, கூடவே நாற்றம்.

2. மரம் உறுதியாக இருக்கிறதா?

ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒவ்வொரு உத்திரத்தையும் சுவரில் உட்காரும் இரண்டு முனைகளில் குத்திப் பாருங்கள். நடுவில் நன்றாக இருக்கும் மரம் முனையில் சொதசொதத்துப் போயிருக்கும், ஏனென்றால் சுவரின் ஈரம் அங்கேதான் ஏறுகிறது. கத்தி போல உள்ளே இறங்கினால் பெயின்டரை நிறுத்திவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். நிறம் பிறகு.

சின்னச் சின்ன ஓட்டை, கீழே பவுடர் மாதிரி மாவு என்றால் உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) விழுந்திருக்கிறது. மாவைத் துடைத்துவிட்டுத் தரையில் கறுப்புத் தாள் விரியுங்கள். ஒரு வாரத்தில் புதிதாக மாவு விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, விழாவிட்டால் பழைய வடு. உயிரோடு இருந்தால் 1 லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 40 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பூச்சு இல்லாத மரத்தில் இரண்டு மூன்று தடவை ஊற அடியுங்கள். ஓட்டைகளுக்குள் சிரிஞ்சால் ஏற்றுங்கள். பாலிஷ் இருக்கும் மரத்தில் இந்தக் கரைசல் இறங்காது, வழிந்துதான் போகும். அதனால் பழைய பூச்சை நீக்கிய பிறகே இது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஓட்டு வீடென்றால் மழை நாளில் ஒரு தடவை உள்ளே நின்று பார்த்துவிட்டு, உடைந்த ஓடுகளை எல்லாம் மாற்றி முடியுங்கள். ஒழுகிய இடத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்புத் திட்டு இருக்கும். அது அழுக்கு இல்லை. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் தண்ணீரும் சேர்ந்து உண்டான கறை. தேய்த்தால் போகாது. 1 லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் போட்டுத் தூரிகையால் தடவி, இருபது நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் இரண்டு தடவை துடைத்தால் வெளுக்கும். இதற்கும் கையுறை, கண்ணாடி வேண்டும்.

வயரிங் வேலை பாக்கி இருந்தால் அதையும் இப்போதே முடியுங்கள். உத்திரத்தின் ஓரமாகக் குழாயை ஓட்டி மரத்தின் நிறத்திலேயே அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. பாலிஷ் முடிந்த பிறகு எலெக்ட்ரீஷியன் வந்தால் ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு காயம்.

3. எடுத்துவைக்க வேண்டிய தாள்கள்

வெறும் பெயின்ட் வேலைக்குப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ கட்டட அனுமதி வாங்க வேண்டியதில்லை. வேறு தாள்கள் வேண்டும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம். சுவருக்குத் தனியாக, மரத்துக்குத் தனியாக. சுவரை அடுத்தவர் திருப்பி அடித்துக்கொள்ளலாம். தேக்கு உத்திரத்தில் எனாமல் ஏறிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு அட்வான்ஸையே தின்றுவிடும். காலி செய்யும்போது யார் பூசித் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பங்காளிகள் சேர்ந்த கூட்டுச் சொத்து என்றால் மரத்தைத் தொடும் முன் எல்லாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

பெயின்டரிடம் எஸ்டிமேட் தாளில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை வரித் தொகை எஸ்டிமேட் ஆகாது. உத்திரம், கைமரம், பட்டியல், மச்சுப்பலகை ஒவ்வொன்றும் எத்தனை சதுர அடி, சுவர் எத்தனை, பிரைமர் எத்தனை கை (அதாவது எத்தனை தடவை), மேல்பூச்சு எத்தனை கை, எந்தக் கம்பெனியின் எந்த ரகம், சாரம் யார் கட்டுவது, தரையை மூடுவது யார், மழை வந்து வேலை நின்றால் அந்த நாளுக்குக் கூலி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 'சீலிங்' என்று மொத்தமாக எழுதியிருந்தால் விடாதீர்கள். பாதி வேலையில் 'பட்டியல் கணக்கில் வரலையே' என்று நிற்பார்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தொடக்கத்தில் பொருளுக்கு, மரம் முடிந்ததும், சுவர் முடிந்ததும். கடைசிப் பத்து சதவீதத்தை முதல் மழைக்குப் பிறகு தருவதாக முன்னாலேயே பேசிக்கொள்ளலாம்.

பெயின்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே வரிதான். பாறசாலையில் வரி குறைவு என்று யாராவது சொன்னால் நம்பி வண்டி எடுக்காதீர்கள். பில் வாங்காமல் விலை குறைத்துக்கொள்வது வாரண்டியைக் கைகழுவுவதற்குச் சமம். வாரண்டியில் பிரைமரும் மேல்பூச்சும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும், படித்துப் பாருங்கள்.

பழுதான உத்திரத்துக்குப் பதில் பழைய வீட்டு மரம் வாங்குகிறீர்கள் என்றால், கேரளத்திலிருந்து களியக்காவிளை வழியாகவோ புளியரை வழியாகவோ கொண்டுவருவதற்கு முன் வனத்துறை ரேஞ்ச் அலுவலகத்தில் அனுமதிச்சீட்டு விஷயத்தைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தேக்கும் ஈட்டியும் செக்போஸ்டில் சும்மா விடுகிற சரக்கில்லை. விற்றவர் கொடுத்த பில் கையில் இருக்கட்டும்.

4. எந்த மாதம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையும் வாங்குகிற சீமை இது. எஞ்சுவது தை நடுவிலிருந்து பங்குனி முடிய. சித்திரையில் கோடைமழை மாலை நேரத்தில் திடீரென்று இறங்கும், ஆனாலும் காலையில் வேலை செய்துகொள்ளலாம்.

பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரம் பெயின்டர் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் அவசரக் கை. கேரளப் பக்கத்தில் ஓணத்துக்கு முன் இதே நிலைமை. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் ஆள் சும்மா இருப்பார், கூலியும் பேசலாம், காற்றும் காய்ந்திருக்கும். மார்கழியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

ஈரம் பார்க்கும் முள் மீட்டர் ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் நல்லது. மரம் 18 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூச்சு வேண்டாம். சுவருக்கு மீட்டர்கூட வேண்டாம். ஒரு முழம் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் ஈரம்.

5. மரத்தைச் சுத்தம் செய்து பூச்சு ஏற்றுதல்

முதலில் உலர்ந்த தூரிகை, வேக்குவம். ஒட்டடையும் கரியும் இருக்கும்போதே தண்ணீர் காட்டினால் கரி மரத்துக்குள் இறங்கிவிடும். பிறகு மிதமான சோப்புத் தண்ணீரில் நன்றாகப் பிழிந்த துணி. சலவைச் சோடாவைக் கை தாராளமாகப் போடாதீர்கள், காரம் பட்டால் தேக்கு கறுக்கும்.

பழைய எனாமல் இருந்தால் நிறுத்துங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கிறது என்றே எண்ணி வேலை செய்யுங்கள். மெஷின் வைத்து உலர்வாகத் தேய்க்கக் கூடாது. நனைத்துத் தேய்த்து, தூசியை ஈரத்துணியில் எடுத்து, வீட்டில் குழந்தையும் கர்ப்பிணியும் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

உப்புத்தாள் 80, 120, 180 என்ற வரிசை. இழை போகும் திசையில் மட்டும். உத்திரத்தை மழுமழுவென்று ஆக்க வேண்டாம். வாய்ச்சித் (ஆசாரி மரம் செதுக்கும் கருவி) தழும்பு தெரிந்தால்தான் அழகு, செதுக்கி எடுத்தால் புது மரம் மாதிரி ஆகிவிடும்.

மேல்பூச்சுக்கு எங்கள் பரிந்துரை மினுக்கம் இல்லாத மேட் பியூ. பளபளப்பு ரகம் விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடித்து, மரத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். மெலமைன் விலை குறைவு, ஆனால் விறைப்பு. மழைக்காலத்தில் மரம் உப்பி வெயிலில் சுருங்கும்போது நுண்ணிய விரிசல் விழுந்துவிடும். அரக்குப் பாலிஷ் ஈரம் பட்டால் வெளுக்கும், அடுக்களைக்கும் ஓட்டுக்கு அடியிலும் ஆகாது. தேக்கில் எண்ணெய்ப்பசை இருப்பதால் முதல் கைக்குச் சற்று முன் தின்னரால் ஒரு துடைப்பு துடையுங்கள், இல்லாவிட்டால் பூச்சு காயாமல் பிசுபிசுக்கும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவதென்றால் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள்.

மரத்துக்கே வெள்ளையோ சாம்பலோ அடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மரத்துக்கு வேண்டாம். அண்டி எண்ணெய் ஊறி மீளாத மரம், நடுவில் ஒட்டுப்போட்ட இரும்பு, ஜிஐ பைப்பால் கட்டிய கூரைச் சட்டம் இவற்றுக்கு மட்டும் அடிக்கலாம். அப்போதும் கறை தடுக்கும் ஷெல்லாக் அல்லது எண்ணெய்ப் பிரைமர் இரண்டு கை கொடுத்த பிறகுதான். வேங்கைக் குவளையில் ஊற்றிவைத்த தண்ணீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சாயம்தான் தண்ணீர்ப் பெயின்ட் பட்டதும் மேலே ஊறி வெள்ளையை மஞ்சளாக்குகிறது. பலா, அயினி, தேக்குக்கும் இது பொருந்தும்.

6. பல்பை மாற்றிவிட்டு நிறத்தைத் தேடுங்கள்

குளிர்வெள்ளை எல்இடி, அதாவது 6500 கெல்வின், மரத்தைச் சாம்பலாக்கிவிடும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள பல்பை மாட்டிய பிறகே சாம்பிள் பாருங்கள். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ 90 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. நிறம் தேர்ந்த பிறகு பல்பை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து, ஷேட் கார்டின் ஓரத்திலோ கம்பெனியின் தளத்திலோ எல்ஆர்வி என்ற எண்ணைத் தேடுங்கள். நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை அளவு. கறுத்த உத்திரம் 10-ஐ ஒட்டி இருக்கும். செங்கோட்டை அக்ரகார வீடுகள் மாதிரி பக்கச் சுவர் ஒட்டிய வீட்டில், வெளிச்சம் தெருவிலிருந்தும் முற்றத்திலிருந்தும் மட்டும் வரும். நடுவில் கிடக்கும் பட்டாசலுக்கு (கூடத்துக்கு)ச் சுவர் 65-க்குக் குறையாமல், மச்சுப்பலகைக்குப் பூசுவதானால் 80-க்கு மேல். முன்கூடமான தார்சாவும் திண்ணையும் வெளிச்சமானவை, அங்கே 30, 40 வரை இறங்கலாம்.

இருட்டான அறைக்கு வெளிறிய சாம்பல் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். படத்தில் நன்றாக இருக்கும், வீட்டில் சேறு மாதிரி ஆகும். வெளிச்சம் குறைந்த இடத்தில் வெளுப்பாக இருந்தாலும் தெளிவான நிறமே எடுபடும்.

இனி மரத்துக்கு மரம்.

தேக்கும் அயினியும் மஞ்சள் பக்கம் சாய்ந்தவை. இவற்றுக்குக் கீழே சந்தனம், பிஸ்கட், கிரீம் மூன்றும் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் மரம் சுவரோடு கரைந்து சோகை பிடித்தது போல் தெரியும். துரதிர்ஷ்டவசமாகக் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவது இந்த மூன்றைத்தான். நீலம் கலந்த பளீர் வெள்ளையும் வேண்டாம், மரத்தை ஆரஞ்சாகக் காட்டும். துளி செங்காவி விழுந்த வெள்ளை, வெளிறிய நீலச்சாம்பல், ஒரே ஒரு சுவருக்கு அவுரி நீலம் இவை நிற்கும்.

செம்பழுப்பு மரத்துக்கு, பழைய பலாவுக்கும் இருளுக்கும், பச்சைக் குடும்பம். பாசிப்பச்சையில் பாலைக் கலந்தது போன்ற மங்கல், அல்லது வாழைக்குருத்து. ரோஸும் ஆரஞ்சும் அடித்தால் அறை காய்ச்சல் கண்டது போல இருக்கும். கீழே சிவப்பு ஆக்சைடு தரை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. வெயில் தரையில் பட்டு எழும் செந்நிறம் சுவரின் கீழ் மூன்றடியில் ஏறும். அதனால் வெள்ளை கொஞ்சம் ரோஸாகவும், பச்சை கொஞ்சம் மங்கலாகவும் தெரியும். சாம்பிள் பலகையைச் சுவரின் அடியில் வைத்தும் பாருங்கள், கண் உயரத்தில் மட்டும் வைத்தால் போதாது.

கறுத்த பனங்கைக்கும் புகை ஏறிய அடுக்களை மரத்துக்கும் சுண்ணாம்பு வெள்ளை அல்லது வெளிறிய மஞ்சள்காவி. அடர்சாம்பல் கூடாது. கறுத்த மரத்துக்குக் கீழே வெள்ளை எப்படி நிற்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வாருங்கள். திங்கள்கிழமை விடுமுறை. கறுத்த மரம், சுண்ணாம்புச் சுவர், கறுப்பு மெருகுத் தரை, மூன்றே நிறம். அதே சமயம் உள்ளறைகள் எவ்வளவு இருட்டு என்பதையும் கவனியுங்கள். அரண்மனையில் நாம் காய்கறி நறுக்கப் போவதில்லை.

அழுத்தமான நிறத்தை எந்தச் சுவருக்குக் கொடுப்பது? உத்திரங்கள் வந்து உட்காரும் இரண்டு சுவர்களை வெளிச்சமாக விடுங்கள். உத்திரத்துக்கு இணையாக ஓடும் சுவருக்கு அழுத்தம் கொடுங்கள். உட்காரும் சுவர் அடர்த்தியானால் உத்திரத்தின் முனை சுவருக்குள் மூழ்கி, மச்சு தாழ்ந்து தலையில் இடிப்பது போல் தோன்றும். எட்டடி உயர மச்சில் இது ரொம்பவே உறுத்தும்.

சாம்பிளைச் சுவரில் நேரடியாக அடிக்காதீர்கள், பழைய நிறம் குழப்பும். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட்டிலோ தடித்த அட்டையிலோ இரண்டு கை அடித்து, சீலர் (மேல்பூச்சுக்கு முந்தைய அடிப்பூச்சு) ஏற்றிய உத்திரத்துக்குக் கீழே காலை எட்டு, நடுப்பகல், மாலை நான்கு, இரவு விளக்கில் பாருங்கள். சீலர் ஏறாத மரத்தோடு ஒப்பிடுவதுதான் இங்கே பெரும்பாலோர் விழும் குழி. பியூ ஏறியதும் மரம் ஒரு படி கறுத்து மஞ்சளிக்கும், நேற்றுப் பொருந்தியது இன்று பொருந்தாது.

7. சுவர் சுண்ணாம்பா, சிமென்டா?

ஆணியால் ஒரு ஓரத்தில் கீறுங்கள். வெள்ளைப் பொடியாக எளிதில் உதிர்ந்தால் சுண்ணாம்புக்காரை, உள்ளே மண்ணும் இருக்கலாம். சாம்பலாகக் கெட்டியாக இருந்தால் சிமென்ட்.

சுண்ணாம்புச் சுவர் ஓதத்தை (ஈரத்தை) உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் புட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் ஏறினால் ஓதம் அடைபட்டு, ஒரே மழைக்காலத்தில் கொப்புளமும் உப்பும் பூக்கும். பெயின்டர் பழக்கத்தில் புட்டி என்பார், பிடிவாதமாக மறுத்துவிடுங்கள். நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். நீற்றி இரண்டு நாள் ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, வெள்ளையடிப்புப் பசை சேர்த்து மூன்று கை. நிறத்துக்கு மண்நிறங்கள் மட்டும்: மஞ்சள்காவி, செங்காவி, ஆக்சைடு. சுண்ணாம்பு எடையில் 5 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் கையில் ஒட்டாது. ஈரத்தில் காண்பதைவிடக் காய்ந்தபின் பல படி வெளுக்கும், அதனால் சாம்பிளை ஒரு நாள் காயவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுண்ணாம்பு தெறித்தால் தேக்கு கறுத்துப் புள்ளி விழும். உத்திரத்தை மூடிவிட்டே தொடங்குங்கள். தெறித்தது தெரிந்த உடனே வினிகர் தொட்ட துணியால் துடையுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

சிமென்ட் சுவருக்குச் சாதாரண முறைதான்: சுரண்டல், பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை.

8. கணக்கு

12க்கு 14 அடி அறை, 9 அடி உயரம், 6 அங்குலம் அகலமும் 8 அங்குலம் ஆழமும் உள்ள ஆறு உத்திரம், ஒவ்வொன்றும் 12 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

சுவர்: சுற்றளவு 52 அடி, 9-ஆல் பெருக்கினால் 468. இரண்டு கதவு, இரண்டு ஜன்னலுக்கு 66 போக 402 சதுர அடி. டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பு வழவழப்பான புதுச்சுவருக்கானது. பழைய சுவருக்கு லிட்டருக்கு 95 சதுர அடி, இரண்டு கை, என்று வைத்தால் 4.2 லிட்டர். 4 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் ஒன்று.

உத்திரம்: மூன்று பக்கம் தெரியும், 6+8+8=22 அங்குலம். 12 அடிக்கு 22 சதுர அடி, ஆறுக்கு 132. சீலர் ஒன்று, மேல்பூச்சு இரண்டு, ஆக மூன்று கை. லிட்டருக்கு ஒரு கை 100 சதுர அடி என்றால் 4 லிட்டர். இடையில் உள்ள பலகையும் தற்செயலாக அதே 132 சதுர அடிதான் வருகிறது, பூசுவதானால் எமல்ஷன் 2 லிட்டரும் கறை தடுக்கும் பிரைமரும்.

கூலியில்தான் பணம் போகும். தலைக்கு மேலே கையைத் தூக்கித் தேய்க்கும் வேலை, இரண்டு ஆளுக்கு உத்திரம் மட்டும் நான்கு நாள், சுவர் மூன்று நாள். ஆளுக்கு நாள் கூலி 1,000 ரூபாய் என்று வைத்தால் 14,000. பொருள் அதில் பாதியை ஒட்டி வரும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், தொகை மாறும், விகிதம் ஏறத்தாழ இதுவாகத்தான் இருக்கும். ஆகவே மலிவுப் பெயின்ட் வாங்கி மிச்சம் பிடிப்பதில் பெரிய லாபம் இல்லை. உத்திரத்தை ஒரே தடவையில் சரியாக முடிப்பதில்தான் மிச்சம்.

ஒரே நிறத்துக்கு எல்லா டப்பாவையும் ஒரே கடையில் ஒரே நாளில் கலக்கி வாங்குங்கள். மார்த்தாண்டத்தில் ஒன்று, பாறசாலையில் ஒன்று என்றால் எண் ஒன்றாக இருந்தாலும் மெஷினுக்கு மெஷின் நிறம் பிசகும். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு.

9. பூசும் வரிசை

மரம் தேய்ப்பு முழுவதும் முதலில், வீடு முழுக்க. தூசி அடங்க ஒரு நாள். பிறகு உத்திரத்துக்குச் சீலர். சீலர் ஏறிய மரத்தில் பெயின்ட் தெறித்தாலும் ஈரத்துணியில் துடைத்துவிடலாம். அடுத்து மச்சுப்பலகை, அதன் பின் சுவருக்குப் பிரைமரும் முதல் கையும். இப்போது உத்திரத்துக்கு மேல்பூச்சு இரண்டு கை. கடைசியில் சுவரின் இரண்டாம் கை.

உத்திரமும் சுவரும் சந்திக்கும் இடுக்கைப் புட்டியால் அடைக்காதீர்கள். மரம் ஆண்டுக்கு இரண்டு தடவை உப்பிச் சுருங்கும், புட்டி நூல் பிடித்தாற்போல விரிந்து உதிரும். வளைந்துகொடுக்கும் அக்ரிலிக் சீலன்ட் ஒரு டியூப் ஒரு அறைக்குப் போதும், மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். சிலிக்கான் வாங்கிவிடாதீர்கள், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது.

பழைய சுண்ணாம்புச் சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் எடுக்கும்போது காரையும் பெயர்ந்து வரும். அங்கே இரண்டங்குலத் தூரிகையால் கைக்கோடு போடத் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் தேர்வின்போதே ஒரு முழம் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். சிமென்ட் சுவரில் டேப் ஒட்டினால் கடைசிக் கை முழுக்கக் காயும் முன் உரித்துவிட வேண்டும்.

10. மற்றவை

கதவு, நிலை, ஜன்னல், தூண் எல்லாவற்றையும் உத்திரத்தின் நிறத்துக்கே கொண்டுவர முயலாதீர்கள். வெவ்வேறு மரம் ஒரே நிறத்தில் பிடிபடாது, கிட்டத்தட்ட பொருந்தியது பொருந்தாததைவிட மோசமாகத் தெரியும். ஜன்னல் கம்பிக்கும் சட்டத்துக்கும் சுவரிலிருந்து இரண்டு படி அழுத்தமான நிறம் போதும். திரைத்துணி, கைத்தறி விரிப்பு, மெத்தை உறை ஆகியவற்றைச் சுவர் காய்ந்து இரண்டு வாரம் கழித்து வாங்குங்கள். அழுத்தமான சிவப்பு, மஞ்சள் எல்லாம் ஆசைப்பட்டால் துணியில் வைத்துக்கொள்ளலாம், சலித்தால் மாற்ற ஐந்து நிமிடம்.

மிஞ்சிய பெயின்டை 200 மில்லி கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை ஊற்றி மூடுங்கள். பாதி டப்பாவில் விட்டால் ஆறு மாதத்தில் தோல் கட்டிவிடும். குப்பியில் அறையின் பெயர், கம்பெனி, ரகம், நிற எண், பேட்ச் எண், பூசிய மாதம் எழுதி ஒட்டி, கடை பில்லையும் எஸ்டிமேட்டையும் அதோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். மழை முடிந்து கார்த்திகை கழிந்ததும் உத்திர முனைகளையும் சுவரின் அடிப்பாகத்தையும் டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பாருங்கள். புதிதாக மாவோ உப்போ கண்டால் அந்த இடத்தை மட்டும் அப்போதே சரிசெய்யக் குப்பியில் இருப்பது போதும்.